மதில் அழகும் மீத்தேன் கிணறும்: மன்னார்குடிக்கு ஒரு பயணம்

சென்னை எழும்பூரில் இரவு மன்னை எக்ஸ்பிரஸில் ஏறிப் படுத்தால் விடிகிற நேரத்துக்கு நீடாமங்கலம் வந்துவிடும். அங்கிருந்து மன்னார்குடிக்குக் கொஞ்ச தூரம்தான். பல பத்தாண்டுகள் மூடிக் கிடந்த ரயில் பாதை இது. 2011-ல்தான் மறுபடியும் திறந்தார்கள். ஜன்னலோர இருக்கை கிடைத்தவர்கள் தூங்கக் கூடாத நேரம் என்றால் இந்தக் கடைசி அரை மணிதான். இரண்டு பக்கமும் வயல், நடுவில் வாய்க்கால், வரப்பில் கொக்கு.

எந்த மாதம் போகிறீர்கள் என்பதைப் பொறுத்துக் காட்சி மாறும். ஜூலையில் குறுவை நாற்று. நவம்பரில் மழையில் மூழ்கியும் மூழ்காமலும் நிற்கிற சம்பா. பொங்கலுக்குத் தலை சாய்ந்த கதிர். அறுவடைக்கு ஒரு வாரம் இருக்கும்போதே, நெல் நிற்கிற ஈர வயலில் உளுந்தையும் பச்சைப்பயறையும் தெளித்துவிடுவார்கள். நெல்லை அறுத்தால் அடியில் பயறு முளைத்திருக்கும். தனியாக உழவில்லை, தண்ணீர் இல்லை. பனியையும் மண்ணின் ஈரத்தையும் குடித்தே அது விளைந்துவிடும். மண்ணுக்குள் இருக்கிற ஈரம் இந்த ஊரில் எவ்வளவு பெரிய சொத்து என்பதற்கு இந்த ஒரு பயறு போதும்.

திருவாரூருக்குத் தேர் அழகு, மன்னார்குடிக்கு மதில் அழகு என்பது தஞ்சைப் பக்கத்துப் பேச்சு. ராஜகோபால சுவாமி கோயிலின் மதிலை ஒரு சுற்றுச் சுற்றி வந்தால் கால் வலிக்கும்போது அந்தப் பேச்சு புரியும். முதலாம் குலோத்துங்கன் காலத்தில் எழுந்து, தஞ்சை நாயக்கர்கள் காலத்தில் விரிந்த கோயில். ராஜகோபுரம் 154 அடி. உள்ளே நிற்கிற பெருமாளுக்கு ராஜ அலங்காரம் எல்லாம் பிறகுதான். கையில் சாட்டையோடு மாடு மேய்க்கிற கோலம்தான் அவருடைய அடையாளம். பங்குனியில் 18 நாள் திருவிழா. அதில் வெண்ணெய்த்தாழி நாளன்று தெருவெல்லாம் வெண்ணெய் மணக்கும். தவழும் கண்ணனாகப் பல்லக்கில் வருகிற சுவாமி மீது ஜனங்கள் வெண்ணெயை எறிவார்கள். சட்டையில் கறை படாமல் வீடு திரும்புகிறவர்கள் குறைவு.

கோயிலைவிடப் பலரை மயக்குவது ஹரித்ரா நதி. பெயர்தான் நதி, உண்மையில் அது 23 ஏக்கர் தெப்பக்குளம். நடுவில் ஒரு சிறு கோயில். மாலையில் படிக்கட்டில் உட்கார்ந்தால் எழுந்து வர மனசு வராது. ஊரைத் தொட்டுக்கொண்டு பாமணி ஆறு ஓடுகிறது. நீடாமங்கலம் அருகே மூணாறு தலைப்பு என்று ஓர் இடம் உண்டு. அங்கேதான் வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று தண்ணீர் மூன்றாகப் பிரிகிறது. ஜூன் 12-ல் மேட்டூர் திறந்தால், அந்தத் தண்ணீர் இந்தத் தலைப்புக்கு வந்து சேருகிற நாளை விவசாயிகள் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருப்பார்கள்.

இந்த ஊரின் பெயர் 2010-க்குப் பிறகு இன்னொரு விதத்தில் பரவியது. அதுவரை யாரும் கேள்விப்படாத ஒரு சொல் ஊர்ப் பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டது. மீத்தேன்.

கீழே என்ன இருக்கிறது?

மன்னார்குடி வயலுக்குக் கீழே, பல நூறு அடி ஆழத்தில், பழுப்பு நிலக்கரி இருக்கிறது. நெய்வேலியில் வெட்டி எடுக்கிறார்களே, அதே சாதி. இந்தியாவின் பழுப்பு நிலக்கரியில் பெரும் பகுதி தமிழ்நாட்டில்தான் கிடக்கிறது, அதில் மன்னார்குடிப் படுகை மிகப் பெரியது. அந்த நிலக்கரியின் இடுக்குகளில் சிக்கியிருக்கிற வாயுதான் மீத்தேன்.

அதை எடுப்பதற்காக கிரேட் ஈஸ்டர்ன் எனர்ஜி கார்ப்பரேஷன் என்ற தனியார் நிறுவனத்தோடு மத்திய அரசு 2010 ஜூலையில் ஒப்பந்தம் போட்டது. 2011 ஜனவரி 4-ம் தேதி தமிழக அரசும் புரிந்துணர்வு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. திட்டப் பரப்பு 691 சதுர கிலோமீட்டர். ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமானால், இன்றைய சென்னை மாநகராட்சியின் மொத்தப் பரப்பே 426 சதுர கிலோமீட்டர்தான். தஞ்சாவூர், திருவாரூர் மாவட்டங்களின் நெல் வயல்களில் ஒரு பகுதி ஒரு வரைபடக் கோட்டுக்குள் வந்துவிட்டது. வயலில் உழுதுகொண்டிருந்தவர்களில் பெரும்பாலோருக்கு அது தெரியாது.

வாயு எடுக்கிற முறையில்தான் சிக்கலே. நிலக்கரியைச் சுற்றி இருக்கிற நீரின் அழுத்தம்தான் மீத்தேனை அங்கேயே பிடித்து வைத்திருக்கிறது. அந்த நீரை இறைத்து வெளியே தள்ளி, அழுத்தத்தைக் குறைத்தால்தான் வாயு மேலே வரும். அதாவது வாயு எடுப்பதற்கு முன்னால் தண்ணீர் எடுக்க வேண்டும், விடாமல் எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். டெல்டாவில் கடல் ஒன்றும் தூரத்தில் இல்லை. மன்னார்குடியிலிருந்து முத்துப்பேட்டை ஒரு மணி நேரப் பேருந்துப் பயணம். உள்ளே நல்ல நீர் இறங்கினால் கடல்நீர் ஏறும். வெளியே இறைத்துக் கொட்டுகிற உப்பு நீர் எந்த வாய்க்காலில் போகும்? இந்தக் கேள்வியைக் கேட்க யாரும் பொறியியல் படித்திருக்க வேண்டியதில்லை. போர் போட்ட கிணற்றில் உப்பு ஏறிப் போன அனுபவம் கடலோரக் கிராமங்களில் ஏற்கெனவே இருந்தது.

இந்தக் கேள்வியை ஊர் ஊராக எடுத்துக்கொண்டு போனவர்களில் ஒருவர் பச்சைத் தலைப்பாகை கட்டிய ஒரு பெரியவர். இயற்கை விவசாயி கோ.நம்மாழ்வார். தஞ்சை மாவட்டம் இளங்காட்டில் 1938-ல் பிறந்தவர். கரூர் மாவட்டத்தில் வானகம் பண்ணையை உருவாக்கி அங்கே இருந்தவர். கடைசிக் காலத்தில் தன் சொந்த மண்ணுக்குத் திரும்பி, மீத்தேன் என்றால் என்ன என்று திண்ணைகளிலும் கோயில் திடல்களிலும் பள்ளிக்கூட வாசல்களிலும் விளக்கிக்கொண்டிருந்தார். பெரிய மேடைப் பேச்சு அல்ல. கடலை உருண்டை சாப்பிட்டுக்கொண்டே பேசலாம் என்கிற மாதிரியான பேச்சு. 2013 டிசம்பர் 30-ம் தேதி, பட்டுக்கோட்டை அருகே அத்திவெட்டியில், அந்தப் பிரசாரப் பயணத்தின் நடுவிலேயே அவர் உயிர் பிரிந்தது.

அதற்குள் காற்று மாறத் தொடங்கியிருந்தது. 2013 ஜூலையில் அன்றைய முதல்வர் ஜெயலலிதா திட்டத்தை நிறுத்தி வைத்து, ஆய்வு செய்ய ஒரு நிபுணர் குழு அமைத்தார். பேராசிரியர் த.செயராமன் ஒருங்கிணைத்த மீத்தேன் திட்ட எதிர்ப்புக் கூட்டமைப்பு போன்ற அமைப்புகள், விவசாய சங்கங்கள், கட்சிகள், எந்தக் கொடியும் பிடிக்காத ஊர்க்காரர்கள் என்று எல்லோரும் தெருவுக்கு வந்தார்கள். 2015 அக்டோபரில், இந்தத் திட்டத்துக்கு அனுமதி இல்லை என்று தமிழக அரசு முடிவெடுத்து அறிவித்தது. மன்னார்குடியின் பந்தலடியில் அன்று பட்டாசு வெடித்திருந்தாலும் ஆச்சரியமில்லை. ஆனால், கதை அதோடு முடியவில்லை.

குழாய் உடைந்த கதிராமங்கலம்

மன்னார்குடிக்கு வடக்கே, கும்பகோணத்துக்கும் மயிலாடுதுறைக்கும் இடைப்பட்ட பகுதியில் இருக்கிறது கதிராமங்கலம். வனதுர்க்கை கோயிலால் பேர் பெற்ற ஊர். ஊர்ப் பெயருக்கு ஒரு கதை சொல்வார்கள். கம்பர் இங்கே தங்கியிருந்தபோது கூரை ஒழுகியதாம். துர்க்கை அம்மன் இரவோடு இரவாக நெற்கதிர்களைக் கொண்டு கூரை வேய்ந்து கொடுத்தாளாம். கதிர் வேய்ந்த மங்கலம் கதிராமங்கலம் ஆயிற்று. கூரைக்கே நெல்லைப் போடுகிற அளவுக்கு விளைந்த ஊர் என்று எடுத்துக்கொள்ளலாம்.

இந்த ஊரில் ஓ.என்.ஜி.சி-யின் எண்ணெய்க் கிணறுகள் பல ஆண்டுகளாக இருக்கின்றன. வயலுக்கு அடியில் குழாய். 2017 ஜூன் 30-ம் தேதி அந்தக் குழாய் உடைந்து கச்சா எண்ணெய் வயலில் கொப்பளித்தது. மக்கள் திரண்டார்கள். மாவட்ட ஆட்சியர் வந்து பேசட்டும் என்று கேட்டார்கள். முடிவில் போலீஸ் தடியடி. செயராமன் உட்பட பத்துப் பேர் கைது. அவர்கள் ஜாமீனில் வெளியே வர ஆகஸ்ட் ஆகிவிட்டது. அதுவரையிலும் அதற்குப் பிறகும் ஊர் அய்யனார் கோயில் திடலில் போய் உட்கார்ந்துகொண்டது. அங்கேயே சமையல், அங்கேயே சாப்பாடு.

அதே ஆண்டு பிப்ரவரியில்தான் புதுக்கோட்டை மாவட்டம் நெடுவாசலில் ஹைட்ரோகார்பன் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவைக் குழு ஒப்புதல் கொடுத்திருந்தது. ஜல்லிக்கட்டுக்காக மெரினாவில் கூடிய கூட்டம் கலைந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அந்தச் சூடு அப்படியே நெடுவாசலுக்குப் போனது. முதல் கட்டம் 22 நாள், ஏப்ரலில் தொடங்கிய இரண்டாம் கட்டம் 174 நாள். நாடியம்மன் கோயில் திடல்தான் களம்.

இந்தப் போராட்டங்களைத் தூக்கி நிறுத்தியவர்கள் பெண்கள் என்பதை அங்கே ஒருமுறை போய் வந்தவர்கள்கூடச் சொல்லிவிடுவார்கள். காலையில் வேலை முடித்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, பத்து மணிக்குப் பந்தலில் உட்கார்ந்தால் மாலை வரை எழமாட்டார்கள். ஒரு நாள் ஒப்பாரி, ஒரு நாள் கும்மி, இன்னொரு நாள் கையில் மண்சட்டி. களையெடுக்கும்போதும் நடவின்போதும் பாடிப் பழகிய குரல்களுக்கு ஒலிபெருக்கி தேவைப்படவில்லை. 174 நாள் ஒரு கூட்டம் சிதறாமல் இருந்தது தலைவர்களின் சாமர்த்தியம் மட்டும் அல்ல. அரிசி, காய்கறி, தேங்காய் என்று வீட்டுக்கு வீடு வந்து சேர்ந்த பொருளும், முறை வைத்து உட்கார்ந்த ஒழுங்கும்தான் முக்கியக் காரணம். ஊர்த் திருவிழா நடத்திப் பழகியவர்களுக்கு இது புதிய வேலையும் அல்ல.

2019 ஜூன் 23-ம் தேதி மரக்காணத்திலிருந்து ராமேஸ்வரம் வரை, 596 கிலோமீட்டர் தூரத்துக்கு மனிதச் சங்கிலிக்கு அழைப்பு விடுத்தார்கள். கடலோர ஊர்களிலும் வயலோர ஊர்களிலும் மக்கள் கை கோத்து நின்றார்கள். டெல்டாவிலும் ஒட்டிய கடலிலும் புதிதாக ஹைட்ரோகார்பன் தேட வேதாந்தா நிறுவனத்துக்கும் ஓ.என்.ஜி.சி-க்கும் 2018-ல் உரிமம் கொடுக்கப்பட்டிருந்ததுதான் அதற்குக் காரணம்.

நிலம் உங்களுடையது, ஆனால்...

குழாய் பதிப்பதில் பலருக்குத் தெரியாத ஒரு சங்கதி இருக்கிறது. சாலைக்கோ தொழிற்சாலைக்கோ நிலம் எடுத்தால் நிலத்தையே வாங்கிக்கொள்வார்கள். எண்ணெய், எரிவாயுக் குழாய்க்கு அப்படி இல்லை. 1962-ல் போட்ட ஒரு சட்டப்படி, நிலத்தைப் பயன்படுத்தும் உரிமையை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். பட்டா உங்கள் பெயரில்தான் இருக்கும். பயிர், மரம் சேதமானதற்கு ஈடு உண்டு. அதுபோக நிலத்தின் சந்தை மதிப்பில் பத்து சதவிகிதம் இழப்பீடு. அதற்குப் பிறகு அந்தக் கோட்டின் மேல் வீடு கட்டக் கூடாது, கிணறு வெட்டக் கூடாது, குளம் வெட்டக் கூடாது, மரம் நடக் கூடாது.

கேட்பதற்கு ஏதோ சின்னக் கட்டுப்பாடு மாதிரி இருக்கும். ஒரு ஏக்கர், அரை ஏக்கர் வைத்திருக்கிற குடும்பத்தின் நடுவயலில் அந்தக் கோடு போகும்போதுதான் தெரியும். தென்னை வைக்க முடியாது. மகளுக்குக் கல்யாணம் என்று விற்கப் போனால் வாங்குகிறவர் முகத்தைச் சுளிப்பார். கொங்கு மண்டலத்தில் கெயில் குழாய்க்கு எதிராக விவசாயிகள் போராடியபோது, வயல்களைத் தவிர்த்துச் சாலையோரமாகக் கொண்டு போகச் சொல்லி 2013-ல் தமிழக அரசு உத்தரவிட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2016 பிப்ரவரியில் மாநில அரசின் மனு தள்ளுபடியானது. டெல்டாவிலும் அதே கதை வந்தது. மேமாத்தூர்–மாதானம் பகுதியில் 2019-ல் குழாய் பதிக்க இயந்திரங்கள் பயிர் நின்ற வயலுக்குள்ளேயே இறங்கியபோது, நாற்றை மிதித்துவிட்டார்களே என்று பெண்கள் வயலில் உட்கார்ந்து அழுத காட்சியைத் தொலைக்காட்சியில் பார்த்த டெல்டாக்காரர்கள் எளிதில் மறக்கமாட்டார்கள். நெல்லை மிதிப்பது இங்கே இன்னும் பாவக் கணக்கில்தான் சேரும்.

உலகத்தில் வேறு இடங்களிலும் இதே சண்டைதான். அமெரிக்காவின் டகோட்டாவில் 2016-ல் பூர்வகுடிகள் தங்கள் குடிநீர் ஆற்றுக்கு அடியில் எண்ணெய்க் குழாய் போவதை எதிர்த்துக் கடுங்குளிரில் கூடாரம் போட்டுத் தங்கினார்கள். குழாய் வந்துதான் விட்டது. கீஸ்டோன் எக்ஸ்.எல் என்ற இன்னொரு குழாய்த் திட்டம் பத்தாண்டுக்கும் மேலான எதிர்ப்புக்குப் பிறகு 2021-ல் கைவிடப்பட்டது. ஆப்பிரிக்காவில் உகாண்டாவிலிருந்து தான்சானியக் கடற்கரை வரை 1,443 கிலோமீட்டருக்கு எண்ணெய்க் குழாய் போடுகிறார்கள். அதை எதிர்த்து ஊர்வலம் போகிற மாணவர்கள் கம்பாலாவில் கைதாகிறார்கள். அவர்கள் பயன்படுத்துகிற சொல் ‘காலநிலை நீதி'. புகையை விட்டவர் ஒருவர், வெள்ளத்தில் மூழ்குகிறவர் இன்னொருவர் என்பது எந்த ஊர் நியாயம் என்பதுதான் அந்தச் சொல்லுக்குள் இருக்கிற கேள்வி.

கஜா வந்த இரவு

மன்னார்குடிக்காரர்களுக்கு இந்தச் சொல்லை விளக்க வேண்டியதில்லை. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறி, திருவாரூர், தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களைக் கடந்து போனது. விடிந்து கதவைத் திறந்தவர்கள் பார்த்தது, வேரோடு சாய்ந்து கிடந்த தென்னந்தோப்புகளை. லட்சக்கணக்கான மரங்கள். பல நாள் மின்சாரம் இல்லை. ஒரு தென்னம்பிள்ளை காய்க்க ஐந்தாறு வருஷம் ஆகும். முப்பது வருஷ மரத்தை நம்பி மகனைக் கல்லூரியில் சேர்த்த குடும்பத்துக்கு, அந்த ஐந்தாறு வருஷத்தை எதைக் கொண்டு நிரப்புவது?

கடல் சூடாகச் சூடாகப் புயலின் மூர்க்கம் கூடும் என்பது விஞ்ஞானிகள் திரும்பத் திரும்பச் சொல்வது. அதைச் சூடாக்குவதில் மீத்தேனின் பங்கு சாதாரணமானதல்ல. இருபது ஆண்டுக் கணக்கில் பார்த்தால், கார்பன் டை ஆக்சைடைப் போல் சுமார் எண்பது மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கக் கூடியது. எரித்தால் கரியமிலவாயு, எரிக்காமல் கசிந்தால் அதைவிட மோசம். எந்தக் கிணற்றிலும் எந்தக் குழாயிலும் கொஞ்சமாவது கசியாமல் இருப்பதில்லை.

இந்த இடத்தில் ஒரு சங்கடமான உண்மையையும் சொல்லிவிட வேண்டும். நெல் வயலிலிருந்தும் மீத்தேன் வருகிறது. தண்ணீர் தேங்கி நிற்கிற சேற்றில் காற்றுப் புகாததால், அங்கே வாழும் நுண்ணுயிரிகள் அதை உண்டாக்குகின்றன. மனிதர்களால் வெளியாகும் மீத்தேனில் பத்தில் ஒரு பங்கு வரை உலகத்தின் நெல் வயல்களிலிருந்து வருவதாகக் கணக்குச் சொல்கிறார்கள். இதைச் சொல்லி விவசாயியின் வாயை அடைக்கப் பார்ப்பவர்களும் உண்டு. பசிக்குச் சோறு விளைவிப்பதையும் லாபத்துக்கு வாயு எடுப்பதையும் ஒரே தராசில் வைக்க முடியாது. அதோடு, இதற்குத் தீர்வு டெல்டாவிலேயே இருக்கிறது. எப்போதும் நீரைத் தேக்கி வைக்காமல், வயலைக் காயவிட்டுப் பிறகு நீர் கட்டுகிற ‘காய்ச்சலும் பாய்ச்சலும்' முறை. தண்ணீரும் மிச்சம், மீத்தேனும் குறையும். முறை வைத்துத் தண்ணீர் விடுகிற காலங்களில் விவசாயிகள் அதைச் செய்துதான் வந்திருக்கிறார்கள்.

இன்னொரு சங்கடம் மன்னார்குடிக்குத் தெற்கே நிற்கிறது. திருமக்கோட்டையில் எரிவாயுவில் ஓடுகிற அரசு மின்நிலையம், 107.88 மெகாவாட். டெல்டாவின் நிலத்தடி வாயுதான் அதற்கு எரிபொருள். அந்தப் பக்கத்து வீடுகளில் எரிகிற விளக்குக்கும் இறைக்கிற மோட்டாருக்கும் அதில் பங்கிருக்கலாம். போராட்டப் பந்தலில் சோறு வெந்ததும் கேஸ் சிலிண்டரில்தான் என்று கிண்டல் செய்கிறவர்கள் அப்போதும் இருந்தார்கள், இப்போதும் இருக்கிறார்கள். வேலை கிடைக்கும் என்று நம்பிய இளைஞர்களும் ஊருக்குள் உண்டு. திருப்பூருக்கும் சிங்கப்பூருக்கும் பிள்ளைகளை அனுப்பிவிட்டுக் காத்திருக்கிற ஊரில் அந்த நம்பிக்கையைக் கேலி செய்ய முடியாது. ஆனால், இத்தனை வருஷம் கிணறுகள் இருக்கிற ஊர்களில் நிரந்தர வேலை எத்தனை பேருக்குக் கிடைத்தது என்று அந்த ஊர்க்காரர்களே திருப்பிக் கேட்கிறார்கள். போர்வெல் போட்டு நிலத்தடி நீரை நாமே இறைத்துத் தள்ளுகிறோமே, கொள்ளிடத்தில் மணலை அள்ளிக் குழியாக்கினோமே என்கிற கேள்வியும் டெல்டாவுக்குள் இருந்தே வருகிறது. அதுவும் நல்லதுதான்.

சட்டம் வந்தது, பாதி நிம்மதி

2020 ஜனவரியில் மத்திய அரசு சுற்றுச்சூழல் விதியை மாற்றியது. எண்ணெய், எரிவாயு இருக்கிறதா என்று தேடுகிற கட்டத்துக்கு இனி மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் தேவையில்லை என்றானது. கிராமத்து மனிதர் அதிகாரி முன்னால் எழுந்து நின்று மைக்கில் பேசுவதற்கு இருந்த ஒரே வாசல் அது. அது சாத்தப்பட்டதும் டெல்டா மறுபடி கொதித்தது. அடுத்த மாதமே, பிப்ரவரி 9-ம் தேதி, காவிரி டெல்டா பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கப்படும் என்று அன்றைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி அறிவித்தார். 20-ம் தேதி சட்டமன்றத்தில் மசோதா நிறைவேறியது. புதிதாக எண்ணெய், இயற்கை எரிவாயு, மீத்தேன், ஷேல் வாயு எதையும் தேடவோ தோண்டவோ கூடாது. தோல் பதனிடும் ஆலை, செம்பு உருக்காலை போன்றவற்றுக்கும் தடை.

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் முழுவதும், கடலூர், புதுக்கோட்டை மாவட்டங்களின் சில வட்டாரங்களும் இதில் சேர்ந்தன. திருச்சி, கரூர், அரியலூரைச் சேர்க்காதது ஏன் என்ற கேள்வி அன்றே எழுந்தது. அதைவிடப் பெரிய ஓட்டை, சட்டம் வருவதற்கு முன்பே நடந்துகொண்டிருக்கும் பணிகளை இது தொடாது என்பது. அதனால்தான் கோட்டூர் வட்டாரத்தில் பெரியகுடி போன்ற இடங்களில் மூடிய கிணற்றை மறுபடி திறப்பார்களோ என்ற பேச்சு எழும்போதெல்லாம் விவசாயிகள் மனுவைத் தூக்கிக்கொண்டு ஆட்சியர் அலுவலகத்துக்குப் போகிறார்கள்.

சட்டம் இருந்தும் 2023-ல் ஒரு பெரிய அதிர்ச்சி வந்தது. நிலக்கரிச் சுரங்க ஏலப் பட்டியலில் மைக்கேல்பட்டி, சேத்தியாத்தோப்பு கிழக்கு ஆகியவற்றோடு வடசேரியும் இருந்தது. வடசேரி, மன்னார்குடியிலிருந்து கூப்பிடு தூரம் என்று சொல்லத்தக்க பக்கத்து ஊர். ஏப்ரல் 4-ம் தேதி முதல்வர் மு.க.ஸ்டாலின் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். சட்டமன்றத்தில் எல்லாக் கட்சிகளும் ஒரே குரலில் பேசின. 8-ம் தேதி, மூன்று இடங்களையும் ஏலத்திலிருந்து நீக்குவதாக மத்திய அமைச்சர் பிரகலாத் ஜோஷி அறிவித்தார். நான்கைந்து நாளில் முடிந்த விஷயம் போலத் தெரியும். அதற்கு முன்னால் பதின்மூன்று வருஷம் தெருவில் உட்கார்ந்தவர்கள் இல்லாவிட்டால், அந்த நான்கைந்து நாள் வேகம் யாருக்கும் வந்திருக்காது.

அந்த வருஷங்களில் பலர் மீது வழக்குகள் விழுந்தன. பாஸ்போர்ட் எடுக்கப் போன இளைஞருக்கு, அரசு வேலைக்கு விண்ணப்பித்த பெண்ணுக்கு, சாலையில் உட்கார்ந்த ஒரு நாள் ஏழெட்டு வருஷம் கழித்து முன்னால் வந்து நிற்கும். மீத்தேன் உள்ளிட்ட திட்டங்களை எதிர்த்துப் போராடியவர்கள் மீதான வழக்குகள் திரும்பப் பெறப்படும் என்று 2021-ல் தமிழக அரசு அறிவித்தபோது, வீடுகளில் நிம்மதிப் பெருமூச்சு விட்டவர்கள் பெரும்பாலும் அம்மாக்கள்.

சாலைக்கு வராமலே சேருகிற வழியும் ஒன்று உண்டு. கிராம சபை. குடியரசு தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி, இப்போது கூடுதலாக மார்ச் 22, நவம்பர் 1. வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் போதும், எழுந்து பேசலாம், தீர்மானம் கேட்கலாம். டெல்டாவின் பல ஊராட்சிகள் ஹைட்ரோகார்பன் வேண்டாம் என்று அங்கேதான் எழுதி வைத்தன. தீர்மானப் புத்தகத்தில் அந்த வரி சரியாக எழுதப்பட்டிருக்கிறதா என்று படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடச் சொல்வது விவரம் தெரிந்தவர்களின் பழக்கம்.

போகிறவர்களுக்கு ஒரு யோசனை. தஞ்சாவூர் வழியாகப் பேருந்திலோ காரிலோ வந்தால் சுமார் 25 கிலோமீட்டரில் வடுவூர் வரும். கோதண்டராமர் கோயிலைப் பார்த்துவிட்டு ஏரிக்கரைக்குப் போங்கள். 1999-ல் பறவைகள் சரணாலயமானது, 2022-ல் ராம்சர் பட்டியலிலும் இடம் பிடித்துவிட்டது. நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை நல்ல காலம். மேட்டூர் தண்ணீரும் வடகிழக்குப் பருவமழையும் நிரப்பிய ஏரியில் அரிவாள்மூக்கன், நாரை, நீர்க்காகம் எல்லாம் வந்து இறங்கியிருக்கும். காலை ஆறு மணிக்கு அவை ஏரியை விட்டுக் கிளம்பி, மன்னார்குடி திசையில் இருக்கிற வயல்களுக்கு இரை தேடிப் போகும். மாலையில் திரும்பும்போது வரிசை இன்னும் நீளமாக இருக்கும். பைனாகுலர் இருந்தால் எடுத்துப் போங்கள், இல்லாவிட்டாலும் பரவாயில்லை. கரையில் டீக்கடை உண்டா என்று எதிர்பார்க்காமல், குடிக்கத் தண்ணீரைக் கையோடு கொண்டு போவது நல்லது.